அப்பாவுக்கு ஒரு லேப்டாப்: குமரி மாவட்டத்தில் வாங்குபவர்களுக்கு

குலசேகரம் பக்கத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு நான் முதலில் வாங்கிக்கொடுத்த லேப்டாப் எட்டே மாதத்தில் அலமாரிக்குள் போய்விட்டது. அது பழுதாகவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, முற்றத்துக் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டு அப்பா வருவார். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “மக்களே, கம்ப்யூட்டர் எனக்கு வராது” என்று ஒருநாள் மூடி வைத்துவிட்டார். அவருக்கு வராமல் இல்லை. விலை குறைவு என்பதற்காக 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மெதுவான சேமிப்பகமும் உள்ள ஒன்றை நான் அவர் தலையில் கட்டியிருந்தேன். பெற்றோருக்கு மட்டமான லேப்டாப்பைக் கொடுத்தால் அவர்கள் அதைக் குறை சொல்வதில்லை, தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். இரண்டாவது முறை வாங்கும்போது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன்

ஒரு விடுமுறை நாளில் அவர்களோடு உட்கார்ந்து, லேப்டாப்பில் என்னென்ன செய்ய ஆசை என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அப்பா சொன்னவை இவை: கோட்டயத்தில் இருக்கும் ரப்பர் வாரியம் தன் இணையதளத்தில் தினமும் போடும் விலையைப் பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துப் பெரிய எழுத்தில் படிக்க வேண்டும். தமிழ், மலையாளச் செய்திகள் வேண்டும். வளைகுடாவில் இருக்கும் பேத்தியோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். போனில் நிரம்பிக் கிடக்கும் படங்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. கேம் விளையாடுபவர்களுக்கான லேப்டாப்பை யாராவது காட்டினால் தயங்காமல் ஒதுக்குங்கள். அது கனக்கும், சுடும், பேட்டரியும் நில்லாது. பட்டியலில் வீடியோ அழைப்பும் பாட்டும் மட்டும்தான் இருக்கின்றன என்றால் லேப்டாப்பே வேண்டாம். நிறுத்தி வைக்கும் தாங்கியோடு ஒரு பெரிய டேப்லெட் போதும், பணமும் மிச்சம். ஆவணங்களைப் படிப்பதும் கடிதம் அடிப்பதும் இருந்தால்தான் லேப்டாப் பக்கம் போக வேண்டும்.

வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் கிடக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்றது இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. பாசத்துக்காக அதை வைத்துக்கொள்ளலாம், வங்கி வேலைக்குக் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல் நிறுவனத்தின் புராசசராக (லேப்டாப்பின் மூளையான சில்லு) இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பழைய லேப்டாப்பைப் புதுப்பித்து விற்கும் கடைக்குப் போனாலும் முதலில் இதையே கேளுங்கள்.

பெட்டியின் மேல் எதைப் படிக்க வேண்டும்

முதலில் ரேம். 8 ஜிபி-க்குக் கீழே இறங்காதீர்கள். கையில் பணம் இருந்தால் 16 ஜிபி வாங்குங்கள். மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியில்லை. “காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் 8 ஜிபி-யோடு தொடங்கலாம்.

அடுத்து சேமிப்பகம். எஸ்.எஸ்.டி. என்று எழுதியிருக்க வேண்டும், அதுதான் வேகமான வகை. 512 ஜிபி இருந்தால் படங்களைப் பற்றிக் கவலையில்லை, 256 ஜிபி-யும் சமாளிக்கும். ஈ.எம்.எம்.சி. என்ற மெதுவான வகையின் பெயர் எழுதியிருந்தால் விலையைக் கேட்காமலே வைத்துவிடுங்கள். அப்பாவை ஷீட் திருப்பப் போகவைத்தது அதுதான்.

புராசசரில்தான் விற்பனையாளர் நிறையப் பேசுவார். ஐ3, ஐ5 என்ற முன்பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். ஐ3-1215 என்றால் முதல் இரண்டு இலக்கம் 12, அதாவது 12-ஆம் தலைமுறை. பத்தாண்டு பழைய ஐ5-ஐவிட இந்த ஐ3 நன்றாகவே ஓடும். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் புராசசரில் சூட்சுமம் வேறு. 7520, 7530 என்று இரண்டு ரைசன் 5 இருக்கின்றன. பார்த்தால் பத்து எண்தான் வித்தியாசம். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்று சொல்கிறது. 2 என்றால் 2019-இல் வந்த வடிவமைப்பு, 3 என்றால் 2020-இல் வந்தது. முன்னதில் நான்கு கோர் (வேலையைச் செய்யும் பகுதி), பின்னதில் ஆறு. இரண்டும் அப்பாவின் வேலைக்குப் போதும், ஆனால் ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். செலெரான் என்ற பெயர் இருந்தால் வேண்டாம்.

ஐ5-க்கும் ஐ7-க்கும் இடையில் இருக்கும் பணத்தைத் திரையில் போடுங்கள் என்பது என் கருத்து. அப்பா அம்மா நாள்தோறும் பார்க்கப்போவது திரையைத்தான்.

கடையில், அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு

இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், காட்சிக்கு வைத்திருக்கும் நான்கைந்து லேப்டாப்புகளின் முன்னால் உட்கார வையுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாத் திரையும் நன்றாகவே தெரியும். வீட்டில் உட்காரும் உயரத்தில் நாற்காலி போட்டு, அவர்கள் வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தமிழ் நாளிதழின் இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ‘ண’, ‘ன’, ‘ணை’ எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிகின்றனவா? 15.6 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள் இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் இன்னும் 1366-க்கு 768 வருகிறது. அதில் தமிழ் எழுத்தின் சுழிகள் மழுங்கிப்போகும். பிறகு திரையை மெல்லப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். படம் கறுத்துப் போனாலோ நிறம் வெளிறினாலோ அது பழைய வகைத் திரை. ஐ.பி.எஸ். என்று குறிப்பிட்டிருக்கும் திரையில் இந்தத் தொல்லை இருக்காது. வெளிச்சம் 250 நிட்ஸ் என்பது வீட்டுக்குள் போதும். எங்கள் அப்பாவைப்போல் திண்ணையில் உட்காருபவர் என்றால் 300 இருப்பது நல்லது. கண்ணாடிபோல் பளபளக்கும் திரை வேண்டவே வேண்டாம், எதிரே நிற்கும் தென்னைதான் அதில் தெரியும்.

கீபோர்டில் நான் கவனிக்கத் தவறிய ஒன்றை அம்மா கவனித்தார். வெள்ளி நிற விசைகளில் சாம்பல் நிற எழுத்து. உள்ளே விளக்கு எரிந்தால் பகல் வெளிச்சத்தில் எழுத்தே மறைந்துவிடுகிறது. கறுப்பு விசையில் வெள்ளை எழுத்துதான் வயதான கண்ணுக்கு நல்லது. இன்னொன்று, லேப்டாப்பை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் அது கீபோர்டின் மூலையில், அழிக்கும் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடிதத்தில் ஒரு எழுத்தை அழிக்கப்போய் லேப்டாப்பையே உறங்கவைத்துவிடுவார்கள். பிடித்த லேப்டாப்பில் அப்படித்தான் அமைந்திருக்கிறது என்றால், அந்தப் பொத்தானைச் சும்மா தொட்டால் ஒன்றும் நடக்காதபடி விண்டோஸ் அமைப்புகளில் மாற்றிவிடலாம்.

விரல்ரேகைப் பூட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் விரலைப் பாருங்கள். நாற்பது ஆண்டு ரப்பர் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்த கை அப்பாவுடையது. ரேஷன் கடையிலேயே மூன்று விரல் மாற்றி மாற்றி வைத்த பிறகுதான் கருவி ஏற்கிறது. கடையில் அவர் விரலை வைத்துப் பார்த்தபோது ஆறு முறையும் ஏற்கவில்லை. முந்திரி ஆலையில் வேலை செய்த அம்மாக்களுக்கும் இப்படி இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நான்கோ ஆறோ இலக்க எண் பூட்டே போதும். காய்த்துப்போன விரலுக்கு டச்பேடும் சரியாகப் பணியாது. ஒயர் உள்ள சாதாரண மவுஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒயர் இல்லாத மவுஸில் பேட்டரி தீர்ந்தால் லேப்டாப் கெட்டுவிட்டது என்று போன் வரும்.

ஒலியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பல லேப்டாப்புகளில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கிறது. ஆனி, ஆடியில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது பேத்தி பேசுவது ஒரு சொல்கூடக் கேட்காது. மைக் உள்ள ஹெட்போன் ஒன்றை வாங்கி வையுங்கள்.

பழுது பார்ப்பவர் எத்தனை பஸ் தொலைவில் இருக்கிறார்?

எந்த பிராண்டு நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே நிறுவனம் நல்லதும் செய்கிறது, மட்டமானதும் செய்கிறது. பிராண்டைவிட எனக்கு முக்கியம், பழுதானால் யார் வருவார் என்பது.

உத்தரவாதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வீட்டுக்கே ஆள் வந்து பார்ப்பது. மற்றது, நாமே சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது. பேச்சிப்பாறையிலிருந்தோ நித்திரவிளையிலிருந்தோ ஒரு 70 வயதுக்காரர் பையைத் தோளில் போட்டு இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் உத்தரவாதம் இருப்பதையே தேடுங்கள். அதிலும் உங்கள் ஊரின் பின்கோடுக்கு அந்தச் சேவை உண்டா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நகரத்துக்கு உண்டு, மலையோர ஊருக்கு இல்லை என்று பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கூடுதல் உத்தரவாதம் வாங்கலாமா? இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு அந்த நிறுவனமே தருவதாக இருந்தால் வாங்கலாம். கடைக்காரர் தன் பொறுப்பில் தருவது என்றால், எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு ஓராண்டுதான் தருகின்றன.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் வாங்குபவர்களும் நம்மிடையே உண்டு. இந்தியாவில் விற்பதற்கென்று வந்த லேப்டாப்புக்கு உத்தரவாதம் எந்த மாநிலத்திலும் செல்லும். ஜி.எஸ்.டி. பில் மட்டும் கட்டாயம் வேண்டும். வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவருவது வேறு கதை. அதற்கு இங்கே சேவை கிடைக்குமா என்று தனியாக விசாரிக்க வேண்டும். அங்கே விற்பதில் கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும், அது அம்மாவைக் குழப்பும்.

ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பெட்டியை மட்டும் உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியிலும், லேப்டாப்பின் அடியிலும், பில்லிலும் இருக்கும் சீரியல் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். அதே எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

மழை, இடி, உப்பு, எறும்பு

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழையைவிட, ஐப்பசியில் பிற்பகலில் இறங்கும் இடிதான் மின்சாதனங்களுக்கு எமன். சித்திரையிலும் அப்படியே. வானம் இருண்டால் சார்ஜரைப் பிடுங்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரியும், டிவிக்கு அவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். இணைய மோடத்தின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்லுங்கள். லேப்டாப்போடு ஒயர் வழியாக மோடம் இணைந்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும். மூன்று முனை பிளக்கை எர்த் இல்லாத பழைய இரண்டு துளைச் சாக்கெட்டில் மாற்றி மாட்டாதீர்கள். லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது என்று அப்பா சொன்னால், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் பேட்டரி 50 வாட்-அவர் அளவில் இருப்பதைத் தேடுங்கள், 40-க்குக் கீழே வேண்டாம். அன்றாடம் பிளக்கிலேயே மாட்டி வைத்திருப்பவர்கள் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல லேப்டாப்புகளில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பேட்டரி நீண்ட நாள் வரும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளட்டும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. ஜன்னல் ஓரத்தில் திறந்தபடி வைத்தால் இணைப்புத் துளைகளின் உலோகம் பச்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் அணைத்து, சூடு ஆறிய பிறகு ஜிப் வைத்த பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். மலையோரத்தில் சிற்றெறும்பு. சூடான இடம் தேடி லேப்டாப்பின் காற்றுத் துளைக்குள் புகுந்துவிடும். எங்கள் வீட்டில் அப்பா சாயங்காலக் கட்டன்சாயாவையும் பழம்பொரியையும் லேப்டாப் மேசையிலேயே வைப்பார். இப்போது அதற்குத் தனி முக்காலி.

கையில் கொடுக்கும் முன் ஒரு நாள் உங்களிடம் இருக்கட்டும்

புது லேப்டாப்பை அப்படியே கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். முதல் நாள் அது மணிக்கணக்கில் அப்டேட் இறக்கும், அதை நீங்களே முடித்துவிடுங்கள். நிர்வாகி கணக்கை உங்களுக்கு வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். தெரியாமல் எதையாவது நிறுவப்போனால் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். இலவசமாக வரும் முப்பது நாள் ஆன்டிவைரஸை நீக்கிவிடலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும். கூட வரும் ஆபீஸ் மென்பொருள் ஒருமுறை வாங்கியதா, ஆண்டுச் சந்தாவா என்று பாருங்கள். கடிதம் எழுத மட்டும்தான் என்றால் இலவசமான லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும்.

திரை அமைப்பில் அளவை 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள். கீழே இருக்கும் பட்டையில் ஐந்து படங்களுக்கு மேல் வேண்டாம். தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே இருக்கும் வழிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று ஒலிப்படி அடித்தால் தமிழாகும் முறை ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்திய தமிழ்99 முறை மற்றது. தட்டச்சுக்கே புதியவர் என்றால் தமிழ்99 கற்றுக்கொடுங்கள். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் என்ற ஒழுங்கு இரண்டே வாரத்தில் கைக்கு வந்துவிடுகிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மொழி மாறும். விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்களுக்கு மலையாளத்தையும் சேர்த்துக் கொடுங்கள், மகிழ்வார்கள்.

தொலைவிலிருந்து நீங்கள் உதவ, விண்டோஸில் குவிக் அசிஸ்ட் என்ற வசதி இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், கியூ ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும். நீங்கள் சொல்லும் குறியீட்டை அவர்கள் அடித்தால் அவர்கள் திரை உங்களுக்குத் தெரியும். உடன் இருக்கும்போதே இருமுறை பழக்குங்கள். அதோடு ஒரு விதியையும் உறுதியாகச் சொல்லுங்கள்: பிள்ளைகள் கேட்டால் மட்டும்தான் அந்தக் குறியீட்டை அடிக்க வேண்டும், வேறு யார் போனில் கேட்டாலும் அடிக்கக் கூடாது.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒருநாள் அப்பா ஏதோ செய்திப் பக்கத்தில் ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டார். மறுநாளிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 14 வைரஸ்’ என்று சிவப்பாக ஒன்று மாற்றி ஒன்று எழும்பத் தொடங்கியது. பயந்துபோய் இரண்டு நாள் லேப்டாப்பைத் தொடவே இல்லை. அது வெறும் விளம்பர அறிவிப்பு. பிரவுசர் அமைப்பில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்ததும் நின்றுவிட்டது. இனி எந்தத் தளமும் அப்படிக் கேட்காதபடி நீங்களே முதல் நாளில் அடைத்துவிடலாம். திரை முழுதும் எச்சரிக்கை வந்து ஒரு போன் எண்ணும் தெரிந்தால், அந்த எண்ணை அழைக்காமல் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினாலும் அப்படித்தான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் 1930, உங்கள் எண், நிறுவனத்தின் சேவை எண், லேப்டாப்பின் சீரியல் எண். அடுத்த பக்கங்களில் ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்று, பேத்தியை அழைப்பது எப்படி, ரப்பர் விலை பார்ப்பது எப்படி என்று அவர்கள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் அது உங்களுக்குத்தான் புரியும். அப்பா தன் நோட்டில் மவுஸின் இடது பொத்தானை ‘இடங்கை’ என்றும் வலது பொத்தானை ‘வலங்கை’ என்றும் எழுதி வைத்திருக்கிறார், ஒருமுறைகூடத் தவறவில்லை. பூட்டு எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம். பில்லை போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிக்கொண்டு, அசலைப் பின்னட்டைக்குள் செருகுங்கள். உத்தரவாதம் முடியும் தேதியை முன்னட்டையில் பெரிதாக எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பைத் திறந்து பேட்டரி, விசைகள், இணைப்புத் துளைகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.